கார் நிற்கும் இடமும் கையெழுத்துக் கணக்கும்

மைசூரு நகரின் வடமேற்கில் வெளிவட்டச் சாலையை ஒட்டி விரிந்திருக்கும் ஹெப்பாள், தொழிற்பேட்டையையும், இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பரந்த பயிற்சி வளாகத்தையும், தூர்வாரிப் புதுப்பிக்கப்பட்ட ஏரியையும், அளந்து பிரித்துக் கொடுக்கப்பட்ட மனைத் தெருக்களையும் ஒருசேரக் கொண்ட பகுதியாகும். பெங்களூருவில் மேம்பாலத்தால் பெயர்பெற்ற ஹெப்பாள் வேறு, இது வேறு. இங்கே நிலம் என்றால் பல தலைமுறைகளாக ‘சைட்’ என்றே பொருள்பட்டு வந்திருக்கிறது. 1903இல் மைசூரில் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளைக் குழுவும், அதன் வழிவந்து 1988 முதல் ‘மூடா’ என்று ஊரார் வாயில் வழங்கிய நகர்ப்புற வளர்ச்சி ஆணையமும் முப்பதுக்கு நாற்பது அடி, இருபதுக்கு முப்பது அடி என மனைகளைப் பிரித்துத் தர, வாங்கியவர் நான்கு பக்கமும் சுவர் எழுப்பி, அந்தச் சுவருக்குள் வீட்டையும் வண்டியையும் தம் விருப்பப்படி வைத்துக்கொண்டார். அடுக்குமாடி வந்தபோது வீடு மாறியதே தவிர இந்த மனப்பழக்கம் மாறவில்லை. தூண்களுக்கு நடுவே மஞ்சள் வண்ணத்தில் கோடிட்ட செவ்வகத்தையும் ஒரு சிறு சைட்டாகவே குடியிருப்போர் கருதுகின்றனர். அதற்குச் சங்கிலி கட்டுவது, இரும்புக் கதவு போடுவது, கூரைத் தகடு இறக்குவது, பக்கத்துச் செவ்வகத்தை விலைக்கு வாங்கிச் சேர்ப்பது எல்லாம் இக்கருத்திலிருந்தே பிறக்கின்றன.

சட்டத்தின் பார்வை இதற்கு நேர்மாறானது. கார் நிற்கும் செவ்வகம் தனிச் சொத்து அன்று. அது ஒரு பொதுச் சொத்தின் மேல் விழுந்திருக்கும் பயன்பாட்டு உரிமை, அவ்வுரிமையின் எல்லைகள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றனவோ அங்கேதான் அதை மாற்றுவதற்கான அனுமதியும் இருக்கிறது. அடுக்குமாடிகளில் எழும் பார்க்கிங் சண்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு இட நெருக்கடியைக் காரணம் காட்டுவது வழக்கம். நெருக்கடி உண்மைதான் என்றாலும், எந்த மாற்றத்துக்கு யாருடைய சம்மதம் வேண்டும் என்பதைச் சங்கமும் உரிமையாளரும் அறியாதிருப்பதே நெருக்கடியை வழக்காக மாற்றுகிறது.

அளவுகளே இதை ஓரளவு விளக்கிவிடும். ஒரு காருக்கு வரையப்படும் செவ்வகம் வழக்கமாக 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்டது, அதாவது 12.5 சதுர மீட்டர், ஏறத்தாழ 135 சதுர அடி, முப்பதுக்கு நாற்பது மனையில் ஒன்பதில் ஒரு பங்கு. ஆனால் மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மாதிரிக் கட்டட விதிகள் ஒரு காருக்கு ஒதுக்கச் சொல்லும் பரப்பு திறந்தவெளியில் 23 சதுர மீட்டர், தூண்கள் தாங்கும் தரைத்தளமான ஸ்டில்ட்டில் 28 சதுர மீட்டர், நிலத்தடித் தளமான பேஸ்மென்ட்டில் 32 சதுர மீட்டர். ஸ்டில்ட்டில் நிற்கும் ஒரு கார், தன் செவ்வகத்துக்கு வெளியே 15.5 சதுர மீட்டரைச் செல்வழியாகவும் திருப்பமாகவும் பிறரோடு பகிர்ந்துகொண்டால்தான் அங்கே நுழையவே முடியும். தன் கட்டத்துக்குள் மட்டும் ஒரு மாற்றம் செய்துகொள்வதாக ஓர் உரிமையாளர் சொல்லும்போது, அம்மாற்றம் அக்கட்டத்தைவிடப் பெரிதான பொதுப் பரப்பைத் தொடுகிறது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

சாசனம் சொல்வதே எல்லை

கர்நாடகத்தில் இவ்விஷயத்தை ஆள்பவை பெயரளவில் ஒத்திருந்து பணியில் வேறுபடும் இரண்டு சட்டங்கள். ஒன்று, கட்டுநரின் கடமைகளை வரையறுக்கும் 1972ஆம் ஆண்டின் கர்நாடக உடைமை அடுக்ககங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். மற்றொன்று, வீடு வாங்கியோரின் கூட்டு உடைமையை வரையறுக்கும் அதே 1972ஆம் ஆண்டின் கர்நாடக அடுக்குமாடி உடைமைச் சட்டம். முதலாவது சட்டத்தின்படி, காட்டி ஒப்பந்தமிட்ட வரைபடத்திலிருந்து விலகிக் கட்டடத்தின் அமைப்பை மாற்றவோ கூடுதல் கட்டுமானம் எழுப்பவோ பில்டருக்கு வீடு எடுக்க ஒப்புக்கொண்ட அனைவரின் முன்சம்மதமும் வேண்டும். இரண்டாவது சட்டத்தின் உயிர்நாடி ‘டீட் ஆஃப் டிக்ளரேஷன்’ எனப்படும் உடைமை அறிவிப்புச் சாசனம். நிலம் எது, கட்டடம் எது, எத்தனை வீடுகள், பொதுப் பகுதிகள் எவை, ஒவ்வொரு வீட்டுக்கும் அப்பொதுப் பகுதியில் எத்தனை விழுக்காடு பிரிபடாப் பங்கு என்பவற்றை எழுதிப் பதிவு செய்யும் ஆவணம் இது. பிரிபடாப் பங்கு என்பது, இந்த மூலை இன்னாருடையது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாதபடி முழுமையின் ஒவ்வோர் அங்குலத்திலும் அனைவருக்கும் உள்ள விகித உரிமையாகும்.

அச்சட்டம் பொதுப் பகுதிகளைப் பட்டியலிடும்போது பேஸ்மென்ட், முற்றம், தோட்டம் ஆகியவற்றோடு வாகன நிறுத்தப் பகுதிகளையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. ஆயினும் பட்டியலின் தலையில், சாசனத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தாலன்றி என்ற நிபந்தனையையும் வைத்திருக்கிறது. ஆகவே சாசனம் மௌனமாக இருந்தால் பார்க்கிங் பொதுப் பகுதி. சாசனம் சில இடங்களைச் சில வீடுகளின் பயனுக்கென்று ஒதுக்கி எழுதியிருந்தால் அவை வரையறுக்கப்பட்ட பொதுப் பகுதிகள். இவ்விரண்டாம் வகையில் உடைமை பொதுவாகவே நிற்க, பயன்பாடு மட்டும் தனியாகிறது. பார்க்கிங் தகராறு எதிலும் முதலில் கேட்கப்பட வேண்டிய ஆவணம் இச்சாசனம்தான். நடைமுறையில் எல்லோரும் முதலில் நீட்டுவது கிரயப் பத்திரத்தை, அதிலுள்ள ‘ஒரு கார் பார்க்கிங் உட்பட’ என்ற அரைவரியை. கிரயப் பத்திரம் சாசனத்துக்கு உட்பட்டது என்பது விற்பனை நேரத்தில் வாங்குவோருக்கு விளக்கிச் சொல்லப்படுவது அரிது.

இதில் கர்நாடகத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பல அசோசியேஷன்கள் அடுக்குமாடி உடைமைச் சட்டத்தின் கீழ் அமையாமல், 1960ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ், மன்றங்களும் கழகங்களும் பதிவு பெறுகிற அதே வழியில் பதிவு செய்யப்பட்டவை. இத்தகைய பதிவு, கணக்கு வைக்கவும் மெயின்டனன்ஸ் கட்டணம் வசூலிக்கவும் உதவும். பொதுப் பகுதியின் மீதான உரிமையைச் சங்கத்துக்கு அது தானாகவே தந்துவிடாது. சாசனம் பதிவாகாத வளாகத்தில், ஆண்டுப் பொதுக்கூட்டம் கைதூக்கி நிறைவேற்றும் பார்க்கிங் தீர்மானம் உறுப்பினர்களுக்கிடையிலான ஒரு நல்லிணக்க ஏற்பாடு என்ற அளவைத் தாண்டுமா என்பது ஐயத்துக்குரியது. பொதுக்குழு எதையும் செய்யவல்லது என்ற நம்பிக்கை நம் சங்கங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தனக்குச் சொந்தமில்லாததைப் பெரும்பான்மையால் யாருக்கும் கொடுத்துவிட முடியாது என்ற எளிய உண்மை அந்த நம்பிக்கையின் முன் எடுபடுவதில்லை.

பாஞ்சாலி வழக்கு

இந்தியாவில் ஸ்டில்ட் பார்க்கிங் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் மும்பையின் தஹிசரில் போய் முடிவது வழக்கம். அங்கே ‘பாஞ்சாலி’ என்ற அடுக்குமாடியைக் கட்டிய நஹல்சந்த் லாலூசந்த் நிறுவனம், கட்டடத்தின் ஸ்டில்ட் பகுதியிலுள்ள 25 கார் நிறுத்துமிடங்கள் தனக்கே உரியவை, அவற்றை விருப்பப்பட்டவருக்கு விற்கத் தனக்கு உரிமை உண்டு, வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கமும் அதன் உறுப்பினர்களும் அவற்றில் தலையிடக் கூடாது என்று நிரந்தரத் தடை கோரி வழக்குத் தொடுத்தது. உரிமையியல் நீதிமன்றமும் பம்பாய் உயர் நீதிமன்றமும் அதை ஏற்க மறுத்தபின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது; 2010 ஆகஸ்ட் 31 அன்று நீதிபதிகள் ஆர்.எம். லோதா, ஏ.கே. பட்நாயக் ஆகியோர் அடங்கிய அமர்வு நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

மகாராஷ்டிரச் சட்டத்தில் ‘ஃபிளாட்’ என்ற சொல்லின் வரையறை காரேஜையும் உள்ளடக்கியது என்பதே நிறுவனத்தின் பிடிமானம். ஸ்டில்ட் இடமும் கார் நிறுத்தும் இடமே ஆதலால் அது காரேஜ், காரேஜ் ஆதலால் ஃபிளாட், ஃபிளாட் ஆதலால் விற்கத்தக்கது என்று வாதம் படிப்படியாக ஏறியது. நீதிமன்றம் அந்த ஏணியின் முதல் படியையே எடுத்துவிட்டது. வீடு வாங்கும் சாமானியர் காரேஜ் என்ற சொல்லை எப்படி விளங்கிக்கொள்வாரோ அப்படியே அதைக் கொள்ள வேண்டும். கூரையும் மூன்று பக்கச் சுவரும் உடையதே காரேஜ். தூண்களுக்கிடையே திறந்து கிடக்கும் ஸ்டில்ட் இடத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஆகவே அது தனித்து விற்கத்தக்க ஃபிளாட் அன்று, கட்டடத்தின் பொதுப் பகுதியே என்பது தீர்ப்பு. மனையின் பரப்புக்கு ஏற்ப எவ்வளவு கட்டலாம் என்று வரையறுக்கும் தளப் பரப்பு விகிதத்தில் ஸ்டில்ட் கணக்கிடப்படாததால் அது பில்டரின் கையில் எஞ்சியிருக்கும் சொத்து என்ற வாதமும் எடுபடவில்லை. ஃபிளாட்டுகளை விற்பதற்கே சட்டம் பில்டருக்கு உரிமை தருகிறது, ஃபிளாட் அல்லாத பகுதியை விற்க அவருக்கு உரிமை இல்லை.

அத்தீர்ப்பு மகாராஷ்டிரச் சட்டத்தின் சொற்களைப் பொருள்கொண்டு எழுந்தது என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். கர்நாடகத்தில் வீடு வாங்கியவர் அதை அப்படியே தூக்கிவந்து தன் வளாகத்தின் வாசலில் நட்டுவிட இயலாது. ஆனால் கர்நாடகச் சட்டமும் ஏறத்தாழ அதே அச்சில் வார்க்கப்பட்டது என்பதால் அதன் தர்க்கம் இங்கும் வலுவாகவே பேசுகிறது. கட்டுமானத் துறை இத்தீர்ப்புக்குத் தந்த பதில் சுவையானது. ‘விற்பனை’ என்ற சொல் ஒப்பந்தங்களிலிருந்து மெல்ல மறைந்து, ‘ஒதுக்கீடு’, ‘பிரத்தியேகப் பயன்பாட்டு உரிமை’, ‘வசதிக் கட்டணம்’ முதலிய சொற்கள் அவ்விடத்தில் வந்தமர்ந்தன. தொகை மட்டும் குறையவில்லை.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டமான ரெரா, 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, பாஞ்சாலித் தீர்ப்பின் சாரத்தைத் தன் வரையறைகளுக்குள் எடுத்துக்கொண்டது. திறந்தவெளி வாகன நிறுத்தப் பகுதிகளும் பொது பேஸ்மென்ட்டுகளும் பொதுப் பகுதிகள் என்றும், கூரையும் மூன்று பக்கச் சுவரும் உடையதே காரேஜ் என்றும் அச்சட்டம் சொல்கிறது. இரண்டுக்கும் இடையில், கூரை இருந்து சுவர் இல்லாத ‘கவர்டு பார்க்கிங்’ பற்றித் தெளிவான வரையறையைத் தராமல் விட்டுவிட்டது. ஹெப்பாளின் அடுக்குமாடிகளில் மிகுதியாகக் காணப்படுவது இந்த நடுவகைதான். கர்நாடக ரெரா விதிகளோடு இணைந்த மாதிரி விற்பனை ஒப்பந்தம் வீட்டையும் அதற்குரிய காரேஜ் அல்லது கவர்டு பார்க்கிங்கையும் எல்லா நோக்கங்களுக்கும் பிரிக்க முடியாத ஒரே அலகாகக் கருத வேண்டும் என்கிறது. இதன் விளைவு முக்கியமானது. பார்க்கிங் இடத்தை வீட்டிலிருந்து பிரித்து மூன்றாம் மாடிக்காரருக்கு விற்பதும், வீட்டை விற்றுவிட்டு இடத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வெளியாருக்கு வாடகைக்கு விடுவதும் இந்த வாசகத்தோடு ஒத்துப்போகாது. மகாராஷ்டிர ரெரா ஆணையம் 2024 ஏப்ரலில் ஒரு படி மேலே சென்று, பார்க்கிங் இடத்தின் எண், நீளம், அகலம், உயரம், அமைவிடம் ஆகியவற்றை ஒதுக்கீட்டுக் கடிதத்திலும் ஒப்பந்தத்திலும் எழுத வேண்டுமென ஆணையிட்டது. காகிதத்தில் ஒரு கார் என்று எழுதி, தூணுக்கும் சுவருக்கும் நடுவே கதவைத் திறக்கவே முடியாத ஓர் இடுக்கைக் காட்டும் வழக்கத்துக்கு எதிரான ஆணை அது.

எத்தனை சம்மதம், எதற்கு?

சம்மதத்தின் அளவு மாற்றத்தின் தன்மையைப் பொறுத்தது. கோடுகளை அழித்து மீண்டும் வரைவது, இருசக்கர வாகனங்களை ஒரு மூலைக்கு நகர்த்துவது, யார் எங்கே நிறுத்துவது என்று சுழற்சி முறை வகுப்பது போன்றவை, சாசனத்தில் ஒதுக்கீடு எழுதப்படாத வளாகங்களில், பைலா எனப்படும் சங்க விதிகளின்படி பொதுக்குழுவின் பெரும்பான்மையால் முடிவு செய்யத்தக்கவை. மகாராஷ்டிரத்தின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரி விதிகள், இடத்தைவிடத் தகுதியுடைய உறுப்பினர்கள் மிகுந்தால் ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கி ஒதுக்கும்படி சொல்கின்றன. ஆண்டுக்கொரு முறை இடம் மாறுவது தொல்லைதான். ஆனாலும் எந்த இடமும் யாருக்கும் பட்டாவாகிவிடாமல் காக்கும் தொல்லை என்ற வகையில் அது மதிக்கத்தக்கது.

இடத்தின் உருவத்தையே மாற்றுவது வேறு. கட்டடத்தின் உறுதிக்கோ பாதுகாப்புக்கோ ஊறு செய்யும், சொத்தின் மதிப்பைக் குறைக்கும், பிறரின் வழி உரிமையைப் பாதிக்கும் எந்த வேலையையும் ஓர் உரிமையாளர் செய்யலாகாது என்று கர்நாடக அடுக்குமாடி உடைமைச் சட்டம் தடுக்கிறது. குறிப்பிடத்தக்க கட்டுமானம் எதையும் சேர்ப்பதற்கோ கூடுதல் பேஸ்மென்ட் தோண்டுவதற்கோ மற்ற உரிமையாளர்கள் அனைவரின் ஒருமித்த சம்மதத்தையும் முன்னதாகப் பெற வேண்டும் என்கிறது. பார்க்கிங் இடத்தைச் சுவரெழுப்பி ஷட்டர் போட்டுச் சேமிப்பறையாக்குவது இவ்வகையில் சேரும். ஒருவர் மறுத்தாலும் அனுமதி இல்லை. பக்கத்து இடத்துக்காரரிடம் வாங்கிய ஒரு வரி என்.ஓ.சி.யோ, செயலாளர் சங்க முத்திரையிட்டுக் கொடுத்த ஆட்சேபமின்மைக் கடிதமோ இந்த ஒருமித்த சம்மதத்தின் இடத்தை நிரப்பாது. மூன்றாவது வகை, பிரிபடாப் பங்கின் விழுக்காட்டையே தொடும் மாற்றங்கள். அவ்விழுக்காடு நிலையான தன்மையுடையது, உரிமையாளர்கள் அனைவரும் இசைந்து சாசனத்தைத் திருத்தினாலன்றி மாறாது என்பது சட்டத்தின் வாசகம்.

பில்டர் செய்யும் மாற்றத்துக்கு வேறொரு கணக்கு. ரெராவின் 14ஆம் பிரிவின்படி, ஒப்புதல் பெற்ற வரைபடத்தையோ பொதுப் பகுதிகளையோ மாற்ற வேண்டுமானால் பில்டர் நீங்கலாக ஒதுக்கீடு பெற்றோரில் மூன்றில் இரண்டு பங்கினரின் முன்சம்மதத்தை எழுத்தில் பெற வேண்டும். ஒருவர் எத்தனை வீடு வாங்கியிருந்தாலும் அவர் ஒருவராகவே எண்ணப்படுவார். அடுக்குமாடி உடைமைச் சட்டத்தில் வாக்கின் எடை பிரிபடாப் பங்கின் விழுக்காட்டைப் பொறுத்தது, ஆகவே பெரிய வீட்டுக்காரரின் கை சற்றுக் கனமானது. ஒரே வளாகம், ஒரே கூட்டம். ஆனால் ஒப்படைப்புக்கு முன் தலைகள் எண்ணப்படுகின்றன, பின் பங்குகள் எண்ணப்படுகின்றன. இந்த வேறுபாட்டை அறியாமல் எடுக்கப்படும் வாக்குப் பதிவேடு பின்னாளில் நீதிமன்றத்தில் எளிதாக உடைபடும். தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக 2024 மார்ச் 6 முதல் நடைமுறைக்கு வந்த 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடி உடைமைச் சட்டம், பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுவதற்கே மூன்றில் இரண்டு பங்கினரின் இசைவு போதும் என்று நெகிழ்ந்திருக்கிறது. அதனோடு ஒப்பிடும்போது, ஷட்டர் ஒன்றுக்கு அனைவரின் சம்மதத்தையும் கேட்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையாகத் தோன்றலாம். எனினும் இடித்துக் கட்டும்போது எல்லோருக்கும் பங்கு கிடைக்கிறது; ஷட்டர் போடும்போது ஒருவருக்குக் கிடைப்பது மற்றவர் அனைவரிடமிருந்தும் எடுக்கப்படுவது. கடுமைக்கு நியாயம் இருக்கிறது.

அண்டை வீட்டார் சம்மதித்த பின்னும்

உடைமையாளர் அனைவரும் ஒருமனதாகக் கையெழுத்திட்டாலும் அனுமதி முழுமையாவதில்லை. கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் அளித்த உள்ளாட்சி அமைப்போ திட்டமிடல் அதிகாரமோ அவ்வரைபடத்தில் ‘பார்க்கிங்’ என்று குறித்த பரப்பு பார்க்கிங்காகவே நீடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அதைத் தந்திருக்கிறது. ஸ்டில்ட் பரப்பு தளப் பரப்பு விகிதக் கணக்கிலிருந்து விலக்கப்படுவது அது வாகனம் நிற்பதற்கான இடம் என்பதற்காகவே. அங்கே காவலாளி குடும்பத்துக்கு ஓர் அறை, சங்க அலுவலகம், உடற்பயிற்சிக் கூடம் என்று தடுத்துவிட்டால் விலக்கின் அடிப்படை போய், அப்பரப்பு கணக்கில் ஏறி, கட்டடம் முழுவதும் விதிமீறிய கட்டடமாகும் ஆபத்து உண்டு. பின்னால் அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்ற ஆறுதலுக்கும் இடமில்லை. கர்நாடக அரசின் ‘அக்ரம–சக்ரம’ என்ற வரன்முறைத் திட்டம் 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் தடைக்கு உள்ளானது.

பொதுப் பகுதியை மாற்றுவதில் அதிகாரியின் ஒப்புதலும் உடைமையாளரின் சம்மதமும் ஒன்றையொன்று ஈடுசெய்யா என்பதை நொய்டாவின் சூப்பர்டெக் எமரால்டு கோர்ட் வழக்கு நாடறியக் காட்டியது. முதல் வரைபடத்தில் தோட்டமாகக் காட்டப்பட்டிருந்த இடத்தில் நொய்டா ஆணையத்தின் ஒப்புதலோடு இரு கோபுரங்கள் எழுந்தன. வீடு வாங்கியோரின் சம்மதம் கேட்கப்படவில்லை. குடியிருப்போர் சங்கம் அலகாபாத் உயர் நீதிமன்றத்தை அணுக, 2014 ஏப்ரலில் இடிப்பு ஆணை பிறந்தது. 2021 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பாஞ்சாலித் தீர்ப்பு வந்து சரியாகப் பதினோரு ஆண்டுகள் என்பது தற்செயல்தான். 2022 ஆகஸ்ட் 28 அன்று ஏறத்தாழ 100 மீட்டர் உயரக் கோபுரங்கள் இரண்டும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. எமரால்டு கோர்ட்டில் அதிகாரியின் கையெழுத்து இருந்தது, அண்டை வீட்டாரின் கையெழுத்து இல்லை. ஸ்டில்ட்டில் அறை கட்டும் சங்கங்களில் நிலைமை பெரும்பாலும் இதற்கு மறுதலை.

தீயணைப்பு விதிகள் மூன்றாவது அடுக்கு. தேசியக் கட்டட நெறிமுறை உயரமான கட்டடங்களைச் சுற்றி 6 மீட்டர் அகலத்துக்குக் குறையாத, 45 டன் எடையுள்ள தீயணைப்பு வண்டியைத் தாங்கும் தரையையும், அது திரும்ப 9 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தையும் கேட்கிறது. வளாகங்களில் ‘காலியாகக் கிடக்கும்’ இடமாகப் பலர் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் இந்த வழிதான். விருந்தினர் வண்டிகளுக்கென அங்கே நான்கு கோடுகள் போட்டுவிடுவது ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கைதட்டலோடு நிறைவேறக்கூடிய தீர்மானம். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றை அது செல்லாததாக்கிவிடக்கூடும்.

கட்டட உறுதி பற்றிய கவனம் இவ்விவாதங்களில் மிகக் குறைவு. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ் பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில், மையப் புள்ளியிலிருந்து வெகுதொலைவிலிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் பல சரிந்தன. அவற்றுள் ஸ்டில்ட் பார்க்கிங் கொண்டவை மிகுதி. மேல்தளங்கள் சுவர்களால் இறுகியிருக்க, தரைத்தளம் தூண்களை மட்டும் நம்பி நிற்கும்போது, பக்கவாட்டு அதிர்வின் சுமை முழுவதும் அந்தத் தூண்களின் மீது விழுகிறது. பொறியாளர்கள் இதை மென்தளக் குறைபாடு என்பர். மைசூரு நிலநடுக்க ஆபத்து குறைந்த பகுதிதான். ஆனாலும் காரைத் திருப்ப வசதியாகத் தூணின் மூலையைச் செதுக்குவதும், ஒரு பக்கம் மட்டும் செங்கற்சுவர் எழுப்பிச் சமநிலையைக் குலைப்பதும் கட்டடப் பொறியாளரின் எழுத்துபூர்வச் சான்று இல்லாமல் செய்யத்தக்க வேலைகள் அல்ல. இரட்டையடுக்கு இயந்திரப் பார்க்கிங் பொருத்த விரும்பும் சங்கங்களும் முதலில் உயரத்தை அளந்து பார்ப்பது நல்லது. கார்மேல் கார் நிற்க ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரம் வேண்டும், வழக்கமான ஸ்டில்ட்டுகளில் அது இருப்பதில்லை.

மின்வண்டி கொண்டுவந்த கேள்வி

அண்மை ஆண்டுகளில் அனுமதிக் கோரிக்கைகளின் முகத்தை மாற்றியிருப்பது மின்வண்டி. நாட்டிலேயே முதலாவதாக 2017இல் மின்வாகனக் கொள்கை வெளியிட்ட மாநிலம் கர்நாடகம். 2019இல் திருத்தப்பட்ட மத்திய மாதிரிக் கட்டட விதிகள், புதுக் கட்டடங்களின் வாகன நிறுத்தக் கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்கு மின்னேற்ற வசதி செய்யச் சொல்கின்றன. மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் வீட்டில் உள்ள மின் இணைப்பைக் கொண்டே வண்டிக்கு மின்னேற்றிக்கொள்ள அனுமதித்தன. மேலிடங்கள் எல்லாம் ஆம் என்றபின் சங்கச் செயலாளர் மட்டும் ஏன் இல்லை என்கிறார் என்று வண்டி வாங்கியவர் கேட்பது இயல்பு. செயலாளரின் அச்சத்திலும் பொருள் இருக்கிறது. வீட்டின் மீட்டரிலிருந்து கார் நிற்கும் இடம்வரை கம்பி செல்லும் வழியெல்லாம் பொதுச் சுவர், பொதுக் கூரை. சுவரில் பொருத்தும் வீட்டு மின்னேற்றி ஒன்று 7.4 கிலோவாட் இழுக்கும். இருபது வீட்டார் இரவு பத்து மணிக்கு ஒரே நேரத்தில் செருகினால் 148 கிலோவாட். சாமுண்டேஸ்வரி மின்வழங்கல் கழகம் அந்த வளாகத்துக்கு அனுமதித்த மின்சுமை இதை எதிர்பார்த்துக் கணக்கிடப்பட்டதன்று. முதலில் கேட்ட மூவருக்கு அனுமதி தந்து மின்சுமை தீர்ந்துபோனால் நான்காமவருக்கு என்ன பதில் என்பதே உண்மையான சிக்கல். ஒவ்வொருவருக்கும் தனித்தனி என்.ஓ.சி. தருவதைவிட, சங்கமே தனி மீட்டர் கொண்ட மின்னேற்ற இணைப்பு பெற்று, சுமையைப் பகிர்ந்தளிக்கும் கருவியோடு பொது மின்னேற்றிகள் அமைத்து, பயன்படுத்தியவரிடம் யூனிட் கணக்கில் வசூலிப்பது நியாயமான வழி. செலவு முதலில் கூடுதலாக இருந்தாலும் பிந்தி வருபவருக்குக் கதவு அடைபடாது.

சிங்கப்பூர் இதில் கற்கத்தக்க ஒரு வேறுபாட்டைச் செய்திருக்கிறது. அங்கே அடுக்குமாடிக் கூட்டுரிமைச் சட்டம், பொதுப் பகுதியை ஒருவரின் தனிப் பயனுக்கு விடுவதற்கான வாக்கைக் கால அளவோடு பிணைக்கிறது. குறுகிய காலத்துக்கு எளிய பெரும்பான்மை போதும், நீண்ட காலத்துக்கு 90 விழுக்காடு வரை இசைவு வேண்டும். 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த மின்வாகன மின்னேற்றச் சட்டமோ, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மின்னேற்றி அமைப்பதற்கு மட்டும் அந்த வரம்பை எளிய பெரும்பான்மைக்கு இறக்கியது. ஒருவருக்கு இடத்தை எழுதிக்கொடுப்பதும் எல்லோரும் பயன்படுத்தத்தக்க வசதியைச் செய்வதும் ஒரே தராசில் நிறுக்கப்பட வேண்டியவை அல்ல என்ற பகுத்தறிவு இதில் தெரிகிறது. கர்நாடகச் சட்டம் 1972இல் எழுதப்பட்டபோது மின்னேற்றி என்ற தேவையே எழவில்லை. ஷட்டருக்கும் சுவர்ச் செருகிக்கும் வேறுபாடு காணும் சொற்கள் அதில் இல்லாததில் வியப்பில்லை, இன்னும் சேர்க்கப்படாததில்தான் வியப்பு.

மாற்றுத்திறனாளிகளின் தேவைக்கும் இதே பகுப்பு பொருந்தும். மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த அணுகல் வழிகாட்டுதல்கள் சக்கர நாற்காலி பயன்படுத்துவோரின் கார் இடத்துக்கு 3.6 மீட்டர் அகலம் கேட்கின்றன. அதாவது வழக்கமான கட்டத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இரண்டு இடங்களை ஒன்றாக்கினால் ஒருவர் தம் இடத்தை இழப்பார் என்ற வாதம் இங்கே எழும்போது, அதைப் பெரும்பான்மை வாக்குக்கு விடுவது முறையன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவ்வசதியை உரிமையாகப் பார்க்கிறது, அண்டை வீட்டாரின் பெருந்தன்மையாகப் பார்ப்பதில்லை.

ஆக, ஹெப்பாளில் ஒரு சங்கம் தன் ஸ்டில்ட் தளத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் செய்ய விரும்பினால், வேலை தொடங்க வேண்டிய இடம் பொதுக்கூட்ட மேடை அன்று. ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் சான்றிட்ட நகலையும், துணைப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து சாசனத்தின் நகலையும் முதலில் பெற்று, இரண்டிலும் பார்க்கிங் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று ஒப்பிட்டு, மாற்றம் எந்த வகையில் சேரும் என்பதை முடிவு செய்த பிறகே, எத்தனை நாள் முன்னறிவிப்பு, எத்தனை கையெழுத்து என்ற கேள்விகள் வரும். இவ்விரு ஆவணங்களும் ஒன்றுக்கொன்று முரண்படுவதும், வரைபடத்தில் இருபது இடமும் ஒதுக்கீட்டில் இருபத்தைந்து பெயரும் இருப்பதும் நிகழக்கூடியவை. அப்போது சங்கம் கேட்க வேண்டியது அண்டை வீட்டாரை அன்று, பில்டரை. அதற்கான இடம் ரெரா ஆணையம்.

இவ்வளவு கணக்கிலும் ஒரு தரப்பு எங்கும் எண்ணப்படுவதில்லை. தொழிற்பேட்டையையும் தகவல் தொழில்நுட்ப வளாகத்தையும் நம்பி வாழும் இப்பகுதியில் வாடகைக்குக் குடியிருப்போர் கணிசமானவர்கள். நாள்தோறும் ஸ்டில்ட்டில் வண்டியை நிறுத்துபவரும், மின்னேற்றி இல்லாமல் திண்டாடுபவரும், விருந்தினர் இடம் மறைந்துபோனதை முதலில் அறிபவரும் அவர்களே. சாசனத்தில் பங்கு உரிமையாளருக்கு, வாக்கும் உரிமையாளருக்கு. பெங்களூருவிலோ வெளிநாட்டிலோ இருக்கும் அந்த உரிமையாளர் பார்க்கிங் தீர்மானத்துக்கு அனுப்பும் ப்ராக்ஸி கையெழுத்து, அந்த இடத்தில் வண்டி நிறுத்தாத ஒருவரின் சம்மதம். வாடகை ஒப்பந்தத்தில் பார்க்கிங் இடத்தின் எண்ணையும், அது மாற்றப்பட்டால் குடியிருப்பவரிடம் முன்கூட்டிக் கேட்க வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்ப்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. பதினொரு மாத ஒப்பந்தத்தை அச்சடித்துத் தரும் கடைகளின் மாதிரிப் படிவத்தில் அந்த வரி இன்னும் ஏறவில்லை.